பாதியில் மடித்த பத்திரிகை

மகன்,

நீ பள்ளிக்கூட முகவரிக்குப் போட்ட கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. எப்போதும் வீட்டுக்குத்தான் எழுதுவாய். இந்த முறை ஏன் பள்ளிக்கூடத்துக்கு என்று உறையைக் கண்ட உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. வசந்தியின் கண்ணில் படக்கூடாத எதையோ எழுதியிருக்கிறாய். மற்ற ஆசிரியைகள் தேநீர் குடிக்கப் போகும்வரை காத்திருந்து, அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று பிரித்தேன். நினைத்தது சரியாக இருந்தது. பாலைவனத்து வெயிலையும் முகாம் சாப்பாட்டையும் பற்றி இரண்டு பக்கம். நடுவில் மூன்றே வரி: "அம்மா, வசந்தியில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறாள், யாரோடு கதைக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

கலியாணம் முடிந்து நாலாம் மாதம் சவூதிக்கு விமானம் ஏறினாய். ஏழு மாதமாக உன் மனைவி என்னோடு இருக்கிறாள். அவளைக் கண்காணிக்கச் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய், அதை நான் மறுக்கவில்லை. நீ பதினாறு வயதில் விளையாடிவிட்டு வந்தால் சட்டையைத் துவைக்க எடுக்கிற சாட்டில் சிகரெட் மணக்கிறதா என்று முகர்ந்து பார்த்தவள் நான். தபால்காரர் ஒரு நாள் பிந்தினால் கடிதத்தை யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று உறையின் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். யாராவது என்னைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தால், காரணம் இருக்கும் என்றுதான் எனக்குப் படும். அதனால் உனக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ கேட்பதற்கு முதலே நான் கவனித்துவிட்டேன். வசந்தி புதன்கிழமையும் சனிக்கிழமையும் பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டுப் போகிறாள். ஐந்தரைக்குத் திரும்பி வருகிறாள். "ஒரு அலுவல் மாமி" என்கிறாள், அவ்வளவுதான்.

இதை எழுதின கையோடு வெட்டி அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. அழித்தால் நீ தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய், என் பிள்ளைதானே. ஆனால் இதற்கு மேலே உனக்கு நான் உளவு பார்த்து எழுத மாட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உன் அப்பாவைப் பற்றியும், ஸ்கொட்லாந்தில் நடந்த ஒரு உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா போய் ஆறு வருடம். இருந்தவரை இதை அவர் உனக்குச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விட்டார் என்று நினைக்கிறேன்.

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தாலும் எங்கள் துறைமுகம் அப்போதும் வெள்ளைக்காரக் கடற்படையின் கையில்தான் இருந்தது. அப்பா அங்கே ஒரு பட்டறையில் கிளாக்கர். உனக்கு இரண்டு வயது. பட்டறைக்குப் போர்மனாக இருந்தவர் டன்பார் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், கலியாணம் செய்யாதவர். சனம் டன்பார் துரை என்று சொல்லும். பெரிய பொயிலர்களும் பம்புகளும் அவர் பொறுப்பு. அப்பாவுக்கு வேலை, அவருக்குப் பக்கத்தில் நின்று நீராவி அமுக்கம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று மணிக்கு மணி புத்தகத்தில் பதிவது. நாலரைக்குச் சங்கு ஊதினால் ஐந்து மணிக்கு அப்பா வீட்டில் நிற்பார். அப்படி இருந்த மனிசன் திடீரென்று கிழமையில் இரண்டு மூன்று நாள் ஏழு மணிக்கு வரத் தொடங்கினார். கேட்டால், "போர்மன் மறிச்சுப் போட்டார்" என்பார். சட்டையில் பைப் புகையிலை மணக்கும். சாப்பிடும்போது தன்பாட்டில் சிரித்துக்கொள்வார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய காற்சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு தாள் இருந்தது. நாலாக மடித்தது. அப்பாவின் கையெழுத்து, ஆங்கிலத்தில். நான் கொன்வென்ற்றில் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். வாசித்தேன். "என் அன்புக்குரிய மேகி, சனிக்கிழமையை நினைத்து எனக்கு நித்திரை இல்லை. எங்கள் பையன் அன்றைக்கு என்ன செய்யப்போகிறானோ என்ற யோசனைதான். நீ பக்கத்தில் இருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்." அதோடு நின்றிருந்தது. வெட்டியும் திருத்தியும் எழுதிய முதல் படி அது. கிணற்றடியில் துவைகல்லுக்குப் பக்கத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மேகி. எங்கள் பையன். என் இடுப்பில் நீ இருந்தாய்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விசயம். ஆனால் கேட்டால் மறைப்பார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒன்று சொன்னது. காற்சட்டையைக் காயவைத்து, தாளை மடித்து, பழையபடி பையில் வைத்தேன். அடுத்த நாள் சனிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா முழுகி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். "போர்மன்ர பங்களாவில ஒரு அலுவல்" என்றார். சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தார். தொண்டை கட்டியிருந்தது. கண் மினுங்கியது. "என்ன, பாட்டுப் பாடினனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றார். இரண்டு கிழமையாக நான் ஒன்றும் கேட்காமல், அவர் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கதைக்க வேண்டியதைக் கதைத்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். அந்த இரண்டு கிழமையும் நான் அவருக்குச் சொன்ன பொய்கள் அவர் எனக்குச் சொன்னதைவிடக் கூடுதல்.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். டன்பார் துரையின் ஊர் சுரங்கக்காரர்களின் சின்ன ஊர். அந்த ஊரின் அணி கருஞ்சிவப்புச் சட்டைக்காரர். அவர்கள் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்துக்கு அந்த வருடம் எப்படியோ வந்துவிட்டார்கள். எதிரே நிற்பது கிளாஸ்கோ நகரத்தின் நீலச் சட்டை அணி. அவர்கள் வீட்டில் கிண்ணங்களை அடுக்க இடமில்லையாம், அப்பா அப்படித்தான் சொல்வார். கருஞ்சிவப்பில் இடது பின்காவலனாக விளையாடியவன் ஜேமி. அவன் துரையின் தங்கச்சியின் மகன். தகப்பன் யுத்தத்தில் கடலோடு போனவர். அவனுக்குப் பந்தை உதைக்கப் பழக்கியதே மாமன்காரர்தான். அந்தத் தங்கச்சியின் பெயர்தான் மேகி. ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்கத்தான் அப்பா போனார். அலை ஏறி இறங்கும், குரல் போய்ப்போய் வரும். துரை ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உதைக்கும் தன் காலையும் தூக்கித் தூக்கி மேசையில் அடித்தாராம். கருஞ்சிவப்பு முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டு பேரும் கத்தினார்கள். அப்பாவின் தொண்டை கட்டியது அங்கேதான். முடிகிற நேரத்தில் நீலம் ஒன்று திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. கிண்ணம் யாருக்கும் இல்லை, புதன்கிழமை மறு ஆட்டம். புதன்கிழமை ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. நீலம் ஒன்று, கருஞ்சிவப்பு பூச்சியம் என்று வியாழக்கிழமை கடற்படையின் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இருந்தது. தோற்றது எப்படி என்று தெரிய ஊர்ப் பத்திரிகை தபாலில் வரவேண்டும்.

அந்தப் பத்திரிகை வந்த நாளில்தான் நான் போனேன். அது எனக்குத் தெரியாது. அன்றைக்கும் அப்பா வரவில்லை, எனக்குப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருந்த பங்களாவுக்கு நடந்தேன். வெயில் தணிந்திருந்தது. வாசலில் மீரான் காக்கா நின்றார். கிண்ணியாக்காரர், துரைக்குச் சமைக்கிறவர். காக்கா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

"தங்கச்சி, இப்ப உள்ளுக்குப் போவாதீங்க. தொரைக்குச் சொகமில்ல."

"என்ர மனிசன் உள்ளுக்கதானே நிக்கிறார்?"

"நிக்கிறார்தான். நான் கூட்டிட்டு வாறன். நீங்க இஞ்ச கதிரையில இருங்க."

"வேறை ஆர் நிக்கினம்?"

"ஆருமில்ல தங்கச்சி. அல்லாவுக்காக நில்லுங்க."

அவர் மறித்த மறிப்பிலேயே எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அவரைத் தள்ளாத குறையாகத் தாண்டி உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பெண்ணும் இல்லை. மேசைக்கு ஒரு பக்கம் துரை, மறுபக்கம் அப்பா. நடுவில் சுருள் இன்னும் நிமிராத ஒரு பத்திரிகை. யன்னல் திறந்திருந்தது, அறை நிறைய வெளிச்சம். நான் மூன்று எட்டுத் தூரத்தில் நிற்கிறேன். துரை என் பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்கு அருகில் இருந்த சுவரைப் பார்த்து, "யார் அது?" என்று கேட்டார்.

மகன், அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கியது. மனிதருக்குக் கண் தெரியவில்லை. ஒரு வருடமாகவே போய்க்கொண்டிருந்ததாம். பட்டறைக்குத் தெரிந்தால் கப்பல் ஏற்றிவிடுவார்கள். ஊரில் போய் அடுப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற வாழ்க்கையை நினைத்து அவர் பயந்தார். அதனால் அப்பா அவருக்குக் கடிதங்களை வாசித்தார். அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு அழுதிருந்தால் நல்லவளாகப் போயிருப்பேன். எனக்கு வந்தது கோபம். இரண்டு கிழமை என்னை இப்படிச் சாகடித்தது இதற்காகவா, இதை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற கோபம்.

அப்பா என்னை யாரென்று சொன்னார். துரை மேசையில் தடவிப் பத்திரிகையை முன்னுக்குத் தள்ளினார். பிறகு, "உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா அம்மணி?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அப்படியென்றால் இந்தப் பக்கத்தை எனக்கு வாசியுங்கள். உங்கள் கணவர் இப்போதுதான் வாசித்தார். நல்லாகத்தான் வாசித்தார். ஆனால் என் தங்கச்சி எட்டு வருடமாக ஒவ்வொரு பத்திரிகைக்குள்ளும் ஒரு கடிதம் வைத்து அனுப்புவாள். இந்த முறை கடிதம் இல்லை. ஏன் இல்லை என்று இவர் வாசித்ததில் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை."

அப்பா எழும்பிவிட்டார். "சேர், அவவுக்குப் பந்தாட்டம் தெரியாது" என்றார். "தெரியத் தேவையில்லை, எழுத்துத் தெரிந்தால் போதும்" என்றார் துரை. அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தப் பார்வை மன்றாடியது. உண்மையை எழுதுகிறேன், மகன். அந்த மன்றாட்டம் எனக்கு ருசித்தது. உன்னை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்தேன்.

வாசித்தேன். முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. மழை பெய்து திடல் சேறாகக் கிடந்தது. கருஞ்சிவப்பு அணி நகரத்துக்காரரை மூச்சுவிட விடாமல் நெருக்கியது. ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இதுவரை அப்பா வாசித்ததும் இதுதான் என்று துரையின் முகத்தில் தெரிந்தது. அடுத்த வரியில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில், ஆபத்தே இல்லாத ஒரு பந்தை ஜேமி தன் கோல் காப்பாளருக்குத் திருப்பித் தட்டினான். காப்பாளர் அதற்குள் முன்னுக்கு ஓடி வந்துவிட்டார். பந்து அவரைத் தாண்டி, சேற்றில் மெல்ல உருண்டு, சொந்த வலைக்குள் போனது. நீலச் சட்டைக்காரர் ஒருவரும் அதைத் தொடவில்லை. விசில் ஊதிய பிறகும் அந்தப் பொடியன் திடலின் நடுவில் முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தான். எதிரணித் தலைவர்தான் வந்து கையைக் கொடுத்துத் தூக்கினார்.

வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தேன். துரை அப்பாவைப் பார்த்து, அதாவது அப்பா முதலில் இருந்த கதிரையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "எனக்காக ஒரு வரியை விட்டுவிட்டாய். நாளைக்கு எனக்காக ஒரு எண்ணையும் விடுவாய். நீ சொல்கிற எண்ணை நம்பித்தான் நான் அந்தப் பொயிலர்களைத் திறக்கிறேன். கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்." அப்பா, "எண்ணில நான் ஒருநாளும் பிழை விடேல்ல சேர்" என்றார். "தெரியும். ஆனால் இனி எனக்கு அது நிச்சயமில்லை" என்றார் அவர்.

வரும் வழியில் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நீ நித்திரையாகிவிட்டாய். பத்திரகாளி அம்மன் கோயிலைத் தாண்டினோம். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"நீரும் முழுக்க வாசிக்கேல்ல."

அவர் சொன்னது உண்மை. அந்தப் பக்கத்தில் கடைசியாக இன்னொரு பத்தி இருந்தது. மடிக்கும்போது என் கண் அதில் ஓடியது, முழுதாக ஓடியது. அடுத்த நாள் அணி ரயிலில் ஊர் திரும்பியது. நிலையத்தில் ஊரே திரண்டு நின்றது. ஜேமி இறங்கப் பயந்து பெட்டியின் மூலையில் ஒதுங்கி இருந்தான். சனம் அவனுடைய பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டது. சுரங்கத்தால் அப்படியே வந்த ஆட்கள், கரி முகத்தோடு, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார்கள். இதை நான் வாசிக்கவில்லை. உன் அப்பாவைத் தலைகுனிய வைக்க எனக்கு வேண்டியது அதற்கு முந்திய வரியோடு கிடைத்துவிட்டது. அவர் கெட்டதை மறைத்தார். நான் நல்லதை மறைத்தேன். அவர் இரக்கத்தில் செய்தார், நான் என்னத்தில் செய்தேன் என்று நீயே சொல்.

மறுநாள் காலை டன்பார் துரை தானாகவே கடற்படை வைத்தியரிடம் போய், என் கண் போய்விட்டது, என்னைப் பட்டறையிலிருந்து எடுங்கள் என்று சொல்லிவிட்டார். தனக்கு யார் உதவி செய்தது என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. அன்று பின்னேரமே அப்பா பங்களாவுக்குப் போய், விட்டுப்போன பத்தியைச் சொன்னார். துரை கேட்டுவிட்டு, "நீ நல்ல மனிதன். அதுதான் சிக்கல்" என்றாராம். அவர் நம்பவில்லை. ஒருமுறை இரக்கப்பட்டு மறைத்தவர் இன்னொருமுறை இரக்கப்பட்டுக் கட்டுகிறார் என்று நினைத்துவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து, "நான் சொல்லி அவர் நம்பமாட்டார். நீர்தான் போகவேணும்" என்றார். சண்டை போடவில்லை. மேகியைப் பற்றி நான் சொன்னபோதுகூட ஏசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு, "கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் போகக் கால் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் போனபோது பத்திரிகை இல்லை. மீரான் காக்கா குசினியில் அடுப்பு மூட்ட எடுத்துவிட்டார். "பழைய பேப்பர் எண்டுதான் தங்கச்சி எடுத்தன்" என்று தலையில் கையை வைத்தார். துரைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்று, ஞாபகத்திலிருந்து அந்தப் பத்தியைச் சொன்னேன். கரி முகங்களையும் சொன்னேன்.

"நீங்களும் எனக்கு இரக்கப்படுகிறீர்களா அம்மணி?" என்றார்.

"இல்லை. எனக்கு உங்களில் இரக்கம் இருந்திருந்தால் அன்றைக்கே வாசித்திருப்பேன்."

"பிறகு ஏன் வாசிக்கவில்லை?"

சொன்னேன். காற்சட்டைப் பையில் கிடந்த தாளையும், மேகியையும், எங்கள் பையனையும், இரண்டு கிழமை நான் நித்திரை இல்லாமல் கிடந்ததையும். மனிதர் முதலில் விளங்காமல் நெற்றியைச் சுருக்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மேகியா! அவளுக்கு வாதம், மாடிப்படி ஏறமாட்டாள்" என்றார். சிரிப்பு அடங்கியதும் முகம் பழையபடி ஆகிவிட்டது. "நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார்.

"என்னை நம்ப வேண்டாம். தங்கச்சியைக் கேளுங்கள்" என்றேன். அவர் சொல்ல நான் எழுதினேன். இரண்டே வரி. "மேகி, ஜேமியைப் பற்றி முழுதும் எழுது. கெட்டதையும் எழுது, நல்லதையும் எழுது." பேனாவை அவர் கையில் வைத்து, தாளில் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கையெழுத்து வரியை விட்டு மேலே ஏறிப் போனது.

மறுமொழி வருவதற்கு முன்பே துரையை ஏற்றிப்போகக் கப்பல் வந்துவிட்டது. துரை போய் ஒரு கிழமைக்குப் பிறகு, மீரான் காக்கா அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் மேகியின் பெயர். அப்பா வேலையில் நின்றார். நான் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்துக்கு மேல் எழுத்து, ஒன்றும் பிடிபடவில்லை. குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன். மகன், நான் தேத்தண்ணி போட வைக்கவில்லை. ஆவியில் உறையின் பசை இளகும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கொதித்தது. கடிதத்தை ஆவிக்குக் கிட்டே கொண்டுபோனேன். மூலை ஒன்று நெளிந்து எழும்பியது. அந்த நேரம் நீ உள்ளே வந்து என் சீலையைப் பிடித்து இழுத்தாய். இல்லாவிட்டால் பிரித்திருப்பேன். மூலையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்தேன். பின்னேரம் அப்பா அந்த மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கொட்லாந்து முகவரியை எழுதித் திருப்பி அனுப்பினார். அதற்குள் என்ன இருந்தது, துரை அதை யாரை வைத்து வாசித்தார், வாசித்தவர் முழுதையும் வாசித்தாரா, எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து பிறகு ஒரு கடிதமும் வரவில்லை.

அதற்குப் பிறகு உன் அப்பா எங்கே போனாலும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். "சலூனுக்குப் போறன். தலைமயிர் வெட்ட. வெட்டுறவன் ஆம்பிளை." இருபது வருடம் இப்படிச் சொன்னார். நீ அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிப்பாய். அது பகிடியா, எனக்குத் தந்த தண்டனையா என்று நான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன். கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

இப்போது வசந்தி. போன புதன்கிழமை அவள் வெளிக்கிட்டதும் நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். உன் கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது, அது எனக்குக் கிடைத்த அனுமதிபோல இருந்தது. வாசல் படலைவரை போனேன். அவள் சந்தியில் திரும்புவது தெரிந்தது, எந்தப் பக்கம் என்றும் தெரிந்தது. அதை உனக்குச் சொல்லமாட்டேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். இரண்டரை மணித்தியாலம். இவ்வளவு வயதில் நான் செய்த வேலைகளில் கஷ்டமான வேலை அதுதான். ஐந்தரைக்கு அவள் வந்ததும் உன் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே வாசித்தாள். முகம் வெளிறிப்போனது. "மாமி, இவர் என்னை இப்பிடி நினைச்சிருக்கிறாரோ?" என்றாள். பிறகு, "நீங்கள் என்ன எழுதப்போறியள்?" என்று கேட்டாள்.

"நீ போற நேரமும் வாற நேரமும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல தெரியாது. தெரிஞ்சதை எழுதுவன்."

"எங்க போறனான் எண்டு கேக்கமாட்டியளோ?"

"சொல்ல விருப்பமெண்டால் சொல்லு பிள்ளை."

கடிதத்தை மடித்து என்னிடம் தந்தாள். "உங்களுக்குச் சொல்லலாம் மாமி. ஆனால் அவருக்குத்தான் முதல்ல சொல்லவேணும். அவர் என்னட்டக் கேக்கட்டும்" என்றாள். அழவில்லை. கோபம் இருந்தது. உள்ளே போய் அரிசி களைந்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது, இருவரும் அதையே சாப்பிட்டோம்.

இரண்டு நாளாக நான் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். தையல் வகுப்பாக இருக்கலாம். வைத்தியராக இருக்கலாம், அப்படியென்றால் எந்த வைத்தியர், எதற்கு? நீ பயப்படுவதாகவும் இருக்கலாம். அவள் குனிந்தால் பார்க்கிறேன், சாப்பிட்டால் பார்க்கிறேன். இந்தக் குணம் என்னைவிட்டுப் போகாது. உன்னை விட்டாவது போகட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். கேள், மகன். அவளை நேரே கேள். வருகிற மறுமொழி நீ விரும்பாததாக இருந்தாலும் அது அவள் வாயால் வந்ததாக இருக்கும். இன்னொருவர் வாசித்துச் சொன்னதாக இராது.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவளிடம் கொடுக்கப்போகிறேன். முதலிலிருந்து அவள் வாசிக்கட்டும். உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று அவளுக்கும் தெரியட்டும். கீழே பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது. அதில் அவளுக்கு எழுத விருப்பமென்றால் எழுதி, அவளே ஒட்டி, அவளே தபாலில் போடட்டும். அவள் எழுதுகிற நேரம் நான் பின்வளவில் கொடியில் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். என்ன எழுதினாள் என்று பார்க்கமாட்டேன்.

பார்க்க ஆசைதான்.

அம்மா